ஆங்கிலப் பிழைகள்: ஒரு தட்டச்சுக்காரியின் மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், நாலு வரி ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதத் தெரியாத தலைமுறை வளருகிறது என்று கவலைப்பட்டு எழுதியிருந்தார். சாதாரண தரம் எழுதப்போகும் ஒரு பிள்ளையின் கடிதத்தை எடுத்து, அதிலுள்ள பிழைகளை ஒன்றுவிடாமல் எண்ணி, எங்கள் காலத்தில் இப்படியா இருந்தது என்று கேட்டு முடித்திருந்தார். ஐயா மீது எனக்குக் கோபமில்லை. அவர் எண்ணிய பிழைகளைத்தான் நானும் நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் எண்ணுவதோடு நிறுத்தினால் யாருக்கும் பிரயோசனமில்லை.

நான் ஆசிரியை இல்லை. திருகோணமலை மத்திய வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. ரெமிங்டன் இயந்திரத்தில் தொடங்கி இப்போது கணினியில் வந்து நிற்கிறேன். மனு, சத்தியக் கடதாசி, வேலை விண்ணப்பம், சுயவிபரக்கோவை, பிள்ளைகளின் ஒப்படை, ஆசிரியர்மார் மேற்படிப்புக்கு எழுதும் ஒப்படை எல்லாம் என் மேசைக்கு வரும். எழுதியவரின் கையெழுத்துப் பிரதியை அப்படியே பார்க்கிற தொழில் இது. ஒரு ரீச்சர் தன்னுடைய வகுப்பைப் பார்ப்பார். எனக்கு உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி எல்லாம் ஒரே மேசையில். எழுதுகிறவர் மாறுவார், பிழை மாறாது. கவனக்குறைவு என்றால் ஆளுக்கு ஒரு மாதிரியல்லவா இருக்க வேண்டும்? ஒருவரை ஒருவர் கண்டிராத பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒரே விதமாகப் பிழை விடுகிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்.

ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒன்று கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்வந்ததை எழுதியிருந்தது. "தேர் இஸ் செவன் வெல் இன் கன்னியா. வாட்டர் இஸ் ஹொட்." இந்த இரண்டு வரிக்குள் சிவப்புப் பேனை மூன்று இடத்தில் விழுந்திருந்தது. 'இஸ்' பிழை, 'ஆர்' வேண்டும். 'வெல்' பிழை, 'வெல்ஸ்' வேண்டும். வாட்டருக்கு முன்னால் 'த' இல்லை. சரி, பிள்ளை மனதில் ஓடிய தமிழைப் பாருங்கள்: "கன்னியாவில ஏழு கிணறு இருக்கு. தண்ணி சுடும்." இதில் எங்கே பிழை? ஏழு என்று சொல்லிவிட்டால் பிறகு கிணறுகள் என்று நாங்கள் சொல்வதில்லை. சந்தையில் நாலு தேங்காய் தாருங்கோ என்றுதான் கேட்கிறோம். நாலு தேங்காய்கள் தாருங்கோ என்றால் வியாபாரி ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார். மாடு வந்தது, மாடு வந்தன என்று ஒரே சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் நிற்கும்; பால்பகா அஃறிணைப் பெயர் என்று தமிழ் இலக்கணம் அதற்குப் பெயரே வைத்திருக்கிறது. பேச்சில் 'இருக்கு' என்பது ஒரு கிணற்றுக்கும் அதுதான், ஏழு கிணற்றுக்கும் அதுதான். 'த' போன்ற ஒரு சுட்டு எங்களுக்குத் தேவைப்பட்டதேயில்லை. எந்தத் தண்ணீர் என்பது பேச்சின் போக்கிலேயே விளங்கிவிடும். அந்தப் பிள்ளை இலக்கணம் தெரியாமல் எழுதவில்லை, தனக்குத் தெரிந்த இலக்கணத்தில் எழுதியிருக்கிறது.

அதே கட்டுரையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் கண்ட மான்களும் வந்தன. "ஐ சோ டென் டியர்." அதற்குப் பக்கத்தில் பெரிய சரி. ஆங்கிலத்தில் மானுக்குப் பன்மையிலும் 'எஸ்' கிடையாது என்பதால் பிள்ளை தப்பியது. மீனுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். மானும் மீனும் மலிந்த எங்கள் ஊருக்கு ஆங்கிலம் செய்த சலுகை என்று நான் சிரித்துக்கொள்வதுண்டு. ஆனால் அந்தப் பிள்ளை கிணற்றையும் மானையும் ஒரே விதியை வைத்துத்தான் எழுதியது. ஒன்றுக்கு வெட்டு, மற்றதற்குச் சரி. கொப்பியைத் திருப்பி வாங்கியபோது அது என்னத்தை விளங்கியிருக்கும்?

இன்னொன்று. வீட்டில, மேசையில, சுவரில, காலையில. எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'தான். ஆங்கிலக்காரனுக்கு வீட்டுக்கு 'அட்', மேசைக்கும் சுவருக்கும் 'ஒன்', காலைக்கு 'இன்'. பிள்ளை எல்லாவற்றுக்கும் 'இன்' போடும். நாங்களும் அந்த வயதில் அப்படித்தான் போட்டிருப்போம். அதே பாடசாலையில், சில வேளை அதே நாளில், அடுத்த பாடவேளையில் தமிழ் சேர் வந்து இந்த 'இல்' வருகிற ஏழாம் வேற்றுமையைப் படிப்பிப்பார். இரண்டு பாடமும் ஒரே தலைக்குள்தான் இறங்குகின்றன. அந்த இரண்டு ஆசிரியர்களும் ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

வினையெச்சத்தையும் சொல்ல வேண்டும். "வீட்டுக்கு வந்து, குளிச்சு, சாப்பிட்டுப் படுத்தன்." மூன்று எச்சம், ஒரு முற்று. யார் படுத்தது என்பதைக் கடைசி வினை ஒன்றே சொல்லிவிடும். காலத்தையும் அதுவே முடித்துவைக்கும். இதே வரியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பிள்ளை "ஐ கேம் ஹோம் அண்ட் பாத் அண்ட் ஈட் அண்ட் ஸ்லீப்" என்று எழுதும். முதல் வினையில் இறந்தகாலத்தைப் போட்டாயிற்று, இனி ஏன் ஒவ்வொன்றுக்கும் போட வேண்டும் என்பது அதன் கணக்கு. தமிழில் கடைசியில் ஒருதரம் போடுவதை இங்கே தொடக்கத்தில் ஒருதரம் போட்டிருக்கிறது. இப்படி எழுதிய ஒரு கொப்பியின் அடியில் 'காலம் தெரியவில்லை, கவனம்' என்று குறிப்பு எழுதியிருந்தது. எனக்கென்னவோ அந்தக் குறிப்பைத்தான் திருத்த வேண்டும் போலிருந்தது.

எல்லாப் பழியையும் தமிழின் தலையில் போடவும் முடியாது. "ஹீ கோ டு ஸ்கூல்" என்று 'எஸ்' இல்லாமல் எழுதுவதை எடுங்கள். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி உண்டு. ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் மிஞ்சிக் கிடக்கிற ஒரேயொரு 'எஸ்' எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய சுமையாக இருக்கக் கூடாது. ஆனாலும் விட்டுவிடுகிறார்கள். சீனம் பேசும் பிள்ளைகளும் ஸ்பானியம் பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்பதை டூலே, பேர்ட் என்ற இருவர் ஒப்பிட்டு 1974 இல் வெளியிட்டார்கள். இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே வரிசையிலேயே 'இங்', 'த', பன்மை 'எஸ்' போன்ற ஆங்கிலத்தின் சிறு உறுப்புகளைப் பிடித்துக்கொண்டன. இந்த 'எஸ்' அந்த வரிசையில் மிகவும் பிந்தித்தான் வந்தது. பொருளைத் தாங்காத எழுத்து அது. 'ஹீ' என்று சொன்னபோதே யார் என்று தெரிந்துவிடுகிறது. அப்படிப் பிந்தி வருகிற ஒன்றுக்காக ஆறாம் தரத்துப் பிள்ளையைக் குனியவைத்துத் திட்டுவது, மாரி பிறக்கமுதல் வயல் காய்ந்து கிடக்கிறதென்று கமக்காரனைத் திட்டுவது போன்றது.

"ஐ ஆம் கோ டு ஸ்கூல்" என்பதும் ஐயாவின் பட்டியலில் இருந்தது. அதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். 'அவர் ஆசிரியர்' என்று தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடியும். அதனால் தொடக்கத்தில் பிள்ளை "ஹீ டீச்சர்" என்று எழுதும். பிறகு 'ஆம், இஸ், ஆர்' என்று ஒன்று இருப்பது மண்டைக்குள் ஏறும். ஏறிய புதிதில் வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் அதை ஒட்டிப் பார்க்கும். முன்பு இல்லாத ஒன்றைப் பிள்ளை கையாளத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அந்த 'ஆம்' சாட்சி. அந்த நேரம் பார்த்து அடித்தால் 'ஆம்' வர வேண்டிய இடத்திலும் அடுத்த கட்டுரையில் வராது.

ஒரு தட்டச்சுக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆங்கில ஆசிரியர்மார் மேற்படிப்புக்கென்று எழுதும் ஒப்படைகளை ரைப் செய்து செய்தே படித்தவள் நான். பிட் கோர்டர் என்ற எடின்பரோ அறிஞர் 1967 இல் எழுதிய கட்டுரை எத்தனையோ ஒப்படைகளில் வந்து போயிருக்கிறது. நாக்குத் தவறி, கை தவறி வருவது ஒன்று; கற்பவர் மனதில் அந்த நேரம் இருக்கும் விதியிலிருந்து வருவது வேறொன்று; இரண்டாவது வகைப் பிழை, பிள்ளை எதுவரை வந்திருக்கிறது என்று ஆசிரியருக்குக் காட்டும் என்றார் அவர். 1972 இல் செலிங்கர் வந்து, தாய்மொழியும் இல்லாமல் கற்கும் மொழியும் இல்லாமல் நடுவில் பிள்ளைக்கென்று ஒரு மொழி உருவாகிறது, அதற்கும் ஒழுங்கு உண்டு என்றார். இடைமொழி என்று தமிழில் எழுதுகிறார்கள். இந்தப் பந்திகளை நான் நல்ல எழுத்துருவில், ஒன்றரை இடைவெளி விட்டு, ஓரம் ஒழுங்காக வைத்து அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒப்படைக்கு நல்ல பெறுபேறு வந்ததென்று கற்கண்டு கொண்டுவந்து தந்த ரீச்சரும் உண்டு. அடுத்த கிழமை அதே ரீச்சரின் வகுப்புப் பிள்ளை பிரதி எடுக்க வரும். கொப்பியைத் திறந்தால் ஒரு வரி தப்பாமல் சிவப்பு.

ரீச்சரைக் குறை சொல்லி முடித்துவிடலாம், அது சுலபம். அவருக்கும் நாற்பது கொப்பி. மேற்பார்வைக்கு வருகிறவர்கள் கொப்பி முழுக்கத் திருத்தியிருக்கிறதா என்றுதான் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று ஆசிரியர்மாரே என் கடை வாங்கில் இருந்து சொல்லிப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். பெற்றோரும் அப்படித்தான். சிவப்பு மை குறைந்தால் "ரீச்சர் பிழை பார்க்கிறேல்லை" என்று அதிபரிடம் போய் நிற்பார்கள். ஆக, சிவப்பு மையின் பாதி பிள்ளைக்காக ஊற்றப்படுவதில்லை. பார்க்க வருகிறவர்களுக்காகவே ஊற்றப்படுகிறது.

அந்த மை வேலை செய்கிறதா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தமே பயனற்றது, தீங்கும் கூட, கைவிடுங்கள் என்று 1996 இல் ட்ரஸ்கொட் என்பவர் அடித்துச் சொன்னார். அவசரப்படாதீர்கள் என்று 1999 இல் ஃபெரிஸ் அம்மையார் பதில் எழுதினார். சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தச் சண்டையால் ஒரு நல்லது நடந்தது. நியூசிலாந்தில் பிச்சனர் என்பவர், ஆங்கிலம் கற்பவர்களின் எழுத்தில் 'அ', 'த' ஆகிய இரண்டின் பயன்பாட்டை மட்டும் திருத்திக் கொடுத்து, மற்றப் பிழைகளைத் தொடாமல் விட்டுப் பார்த்தார். 2008 இல் வெளியிட்ட முடிவின்படி, திருத்தம் பெற்றவர்கள் அந்த ஒன்றில் முன்னேறினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது. முழுக் கொப்பியையும் சிவப்பாக்குவதற்குப் பதிலாக ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பயன் தருகிறது. நான் சொல்லவரும் சங்கதி இவ்வளவுதான்.

எந்தப் பிழையை முதலில் பிடிப்பது? இங்கேதான் என் தொழில் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். தம்பலகாமம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் உயர்தரம் படிக்கும் மகனும் காணிப் பிரச்சினை மனுவோடு வந்தார்கள். எங்கள் மாகாணத்தில் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை என்று சொன்னேன். மேலிடத்துக்கும் ஒரு பிரதி போகிறது, ஆங்கிலத்தில் இருந்தால் கெதியாகப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகன் கைப்பட எழுதியிருந்தான். எழுத்துக்கூட்டல் அழகு. நடுவில் ஒரு வரி: "மை லாண்ட் இன்சைட் ஹிஸ் ஃபென்ஸ்."

அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "என்ர காணிக்குள்ள அவன்ர வேலி, பிள்ளை" என்றா. மகன் அதைத்தான் சொல்லுக்குச் சொல் வரிசை மாறாமல் எழுதியிருக்கிறான். தமிழில் 'உள்ளே' பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும். அந்த ஓர் இடமாற்றம் நடக்காததால் கதை தலைகீழாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இவர்களின் காணிக்குள் வேலி போட்டார் என்பது முறைப்பாடு. இந்த வரியை ஆங்கிலம் அறிந்த அதிகாரி வாசித்தால், இவர்களின் காணி அவருடைய வேலிக்குள் இருக்கிறது, அதாவது எல்லை அவருடையதுதான் என்று இவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி. கீழே கையொப்பமும் இருக்கும். கணினியில் அடித்துப் பார்த்தேன். தம்பலகாமம் என்ற ஊர்ப்பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு வந்தது. வேலி வரியில் ஒரு சொல்லுக்கும் சிவப்புக் கோடு இல்லை. ஒவ்வொரு சொல்லும் எழுத்துப் பிழையில்லாத சொல். "ஹிஸ் ஃபென்ஸ் இஸ் இன்சைட் மை லாண்ட்" என்று மாற்றி, இரண்டையும் தாளில் படம் கீறி மகனுக்குக் காட்டிய பிறகுதான் அச்செடுத்தேன். பையன் உடனே பிடித்துக்கொண்டான். பத்து வருசத்துக்கு மேல் ஆங்கிலம் படித்தவன், இதை ஒருவரும் இப்படிச் சொல்லித் தரவில்லை என்றான்.

'த' இல்லாததால் யாருக்கும் காணி பறிபோகாது. நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்கு வேலை கேட்டு எழுதிய தம்பி "ஐ ஆம் வெரி இன்டரஸ்டிங் இன் யுவர் ஹோட்டல்" என்று, 'இன்டரஸ்டட்' வர வேண்டிய இடத்தில் மாற்றி எழுதினால், வாசிக்கிறவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நேர்முகத்துக்குக் கூப்பிடுவார். யார் செய்தார், யாருக்குச் செய்தார், எது எதற்குள் இருக்கிறது, எது முதலில் நடந்தது என்பதைப் புரட்டிப்போடும் பிழை வேறு சாதி. தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் உருபு காப்பாற்றும். நாயைப் பூனை கடித்தது, பூனை நாயைக் கடித்தது, இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் இடம்தான் உருபு. "பொலிசில தம்பி முறைப்பாடு குடுத்தவன்" என்பது "பொலிஸ் கம்ப்ளெயின்ட் மை பிரதர்" என்று வந்து நின்ற கடிதத்தையும் கண்டிருக்கிறேன். தம்பி முறைப்பாட்டுக்காரனா, குற்றவாளியா? ஆறாம் தரத்திலிருந்தே இந்த ஒன்றை ஆசிரியர்கள் விடாமல் பிடித்தால் போதும், மிச்சத்துக்கு அவசரமில்லை.

ஐயாவின் 'எங்கள் காலம்' பற்றியும் ஒரு வார்த்தை. என் அம்மப்பா டொக்யார்டில் களஞ்சிய எழுதுவினைஞர். 1957 இல் வெள்ளைக்காரக் கடற்படை தளத்தைவிட்டுப் போகும்வரை அங்கேதான் வேலை. அவருடைய ஆங்கிலக் கடிதங்கள் முத்து முத்தாக இருக்கும், மறுக்கவில்லை. அவருடைய அக்கா தங்கச்சிமாருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. கட்டணம் கட்டி ஆங்கிலம் படித்தவர்கள் ஊருக்குள் சிலபேர். அந்தச் சிலரின் கடிதங்கள் மட்டுமே பெட்டிக்குள் மிஞ்சியிருக்கின்றன. 1945 இல் இலவசக் கல்வி வந்த பிறகுதான் படிப்படியாகக் கடற்கரைப் பிள்ளையும் வயற்கரைப் பிள்ளையும் ஆங்கிலப் பேனை பிடித்தார்கள். தெரிவுசெய்த சிலரின் ஆங்கிலத்தையும் எல்லாப் பிள்ளைகளின் ஆங்கிலத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தால் கணக்கு எப்படிச் சரிவரும்?

பிழையே இல்லாத ஆங்கிலமும் என் கடைக்கு வருகிறது. அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ரியூசன் வகுப்புகளில் கொடுக்கும் மாதிரிக் கட்டுரைகள்: என் இலட்சியம், மறக்க முடியாத நாள், டெங்கு ஒழிப்பு. கட்டுக்கட்டாகப் பிரதி எடுப்பது நான்தான், எனக்கு அது வருமானம். பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். எல்லாருக்கும் வைத்தியராக வர ஆசை, எல்லாரும் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுப்பார்கள், ஒரே காற்புள்ளியோடு. கேள்வி கொஞ்சம் திரும்பினால் போச்சு. பிழை விட்டால் அடி விழும், தானாக எழுதினால் பிழை வரும், ஆகவே தானாக எழுதக் கூடாது என்பதைத்தான் சிவப்புப் பேனை படிப்பித்திருக்கிறது. இத்தனைக்கும் சாதாரண தரப் பரீட்சையில் கட்டுரைக்குப் புள்ளி இலக்கணத்துக்கு மட்டுமில்லை, சொல்லும் விடயத்துக்கும் உண்டு. இப்போது கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கேட்டால் பளபளவென்று எழுதித் தரும், வேலி யாருடைய காணிக்குள் என்று எங்களிடம் திருப்பிக் கேட்காமலே.

இவற்றுக்கு நடுவில் திருக்கடலூர்ப் பையன் ஒருவன் ஒப்படைக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். "மை ஃபாதர் புல் நெட். மெனி பீப்பிள் புல். தே சிங் அம்பா. சம் டே நோ ஃபிஷ். தட் டே ஆல்சோ தே சிங்." கரைவலை இழுப்பதும், இழுக்கும்போது அம்பா பாடுவதும், மீன் படாத நாளிலும் பாட்டு நிற்காததும், எல்லாம் ஐந்து வரிக்குள் வந்துவிட்டன. 'எஸ்' இல்லை, 'த' இல்லை, 'நோ ஃபிஷ்' என்ற இடத்தில் வினையே இல்லை. எண்ணினால் ஐயாவுக்கு நல்ல அறுவடை கிடைக்கும். ஆனால் யார் இழுத்தார், எதை இழுத்தார், எப்போது பாடினார் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. திருத்தட்டுமா என்று கேட்டான். 'சம் டே' க்கு மட்டும் ஒரு 'எஸ்' போட்டு, ஏன் என்று சொல்லி, மற்றதை எழுதியபடியே அடித்துக் கொடுத்தேன். ரீச்சர் என்ன செய்தாரோ தெரியாது.

ஆசிரியர்மாருக்கு என் வேண்டுகோள், தவணைக்கு ஒன்றோ இரண்டோ பிழைவகையைத் தெரிந்தெடுங்கள். இந்த மாதம் பன்மை 'எஸ்' மட்டும் பார்ப்பேன் என்று பிள்ளைகளிடமும் பெற்றோர் கூட்டத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்போது யாரும் அதிபரிடம் போகமாட்டார்கள். சரியான விடையை நீங்கள் எழுதிக் கொடுப்பதைவிட அந்த வரியைப் பிள்ளையையே திருப்பி எழுதவிடுங்கள். தமிழ் சேரிடம் போய் வேற்றுமை எப்போது படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டு, அதே கிழமை ஆங்கிலத்தில் 'இன், ஒன், அட்' ஐ வையுங்கள். கிழமைக்கு ஒரு பக்கமாவது பேனை தொடாத பக்கமாக இருக்கட்டும். வலயத்திலிருந்து வருகிறவர்கள், கொப்பியில் எவ்வளவு சிவப்பு என்று பார்க்காமல் பிள்ளை எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்த்தால் இதெல்லாம் நடக்கும். அவர்கள் பார்க்காவிட்டால் நடக்காது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் ஐயா, கடைசியாக உங்களிடம் ஒன்று. பரீட்சைக் காலத்தில் உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்திலும் மாதிரிக் கட்டுரைகள் வருகின்றன. அந்த இடத்தில் பாதியைத் தாருங்கள். பிள்ளைகள் தாங்களாக எழுதிய பத்து வரியை, பெயரைப் போடாமல், எழுதியபடியே போடுங்கள். கீழே ஒரேயொரு பிழையை எடுத்து, தமிழில் அது எப்படி, ஆங்கிலத்தில் எப்படி என்று ஓர் ஆசிரியர் ஐந்தாறு வரியில் விளக்கட்டும். விளக்கம் எழுத விருப்பமான ஆசிரியர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், ஒருவர் தமிழ் சேர். பிள்ளைகளின் எழுத்தைச் சேர்ப்பதும் ரைப் செய்து உங்களுக்கு அனுப்புவதும் என் பொறுப்பு, கூலி வேண்டாம். சென்ற ஞாயிறு எழுதிய ஐயாவும் சம்மதித்தால், அவர் எண்ணிய அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தட்டச்சுக்கடை வாசகி,
உவர்மலை, திருகோணமலை.